அபூ பூங்கு கொடுத்த வாக்கு

எட்டுக் கிண்ணங்களில் காபி ஆறிக்கொண்டிருந்தது. வந்திருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூடக் குடிக்கவில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு தெய்வநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வநாயகம் சமையலறைத் திரையின் இடுக்கில் தெரிந்த மனைவி மரகதத்தைப் பார்த்தார். ‘உப்பைப் போட்டுட்டியா?’ என்று கண்ணாலேயே கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

அம்மானுக்குத் தெற்கே, கரக் மலையில் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு அவர்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. மேல்தளத்தில் வீட்டுக்காரர் அபூ ஃபவாஸ். ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமென்றால் பனியனோடு இறங்கி வருவார். வடை வாசனை வந்தால் காரணம் சொல்லாமலே வருவார். அப்படிப்பட்ட மனிதர் ஜரிகைக் கரை போட்ட கறுப்பு அங்கியும், மடிப்புக் கலையாத சிவப்புக் கட்டத் தலைத்துணியுமாக, ஏழு மீசைக்காரச் சொந்தங்களோடு வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

அதிலும் தெய்வநாயகத்துக்கு. கீழே பள்ளத்தாக்கில் இருந்த உரத் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். எது கசியுமோ, எது வெடிக்குமோ என்று பயப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் நிறுத்தியதில்லை.

அபூ ஃபவாஸ் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசினார். மேடையில் பேசுகிற அரபி அது. தெய்வநாயகத்துக்குத் தெரிந்த அரபி ‘நில், திற, மூடு, ஓடு, ஆபத்து, சாப்பாடு வந்துவிட்டது’ என்ற அளவோடு சரி. பெரிய கடலில் சின்ன வலை போட்டது மாதிரி மூன்றே வார்த்தை சிக்கின. ஃபவாஸ், பெண், வெள்ளிக்கிழமை. ஃபவாஸ் அவருடைய மூத்த மகன். இருபத்தாறு வயசு.

பேச்சு முடிந்தது. மறுபடியும் எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். காபியில் ஆடை படர்ந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் கொடுத்ததைத் தொடாமல் இருப்பது எந்த ஊர் மரியாதை? தெய்வநாயகத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. போன வருஷம் மேலாளர் வீட்டிலும் இதே மாதிரி யாரோ காபியைக் குடிக்காமல் வைத்திருந்தார்கள். மேலாளர் அரபியில் ஒரு வாக்கியம் சொன்னதும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள். நல்ல உபசார வார்த்தை, சமயத்துக்கு உதவும் என்று அன்றைக்கே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இப்போது அதை எடுத்துவிட்டார்.

“காபியைக் குடிங்க. நீங்க வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க.”

எட்டுப் பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். அபூ ஃபவாஸ் பாய்ந்து வந்து அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

“அபூ பூங்கு! நீ மனுஷன்யா! என் தலைமேல வச்சுக்குவேன்!”

மூத்த பிள்ளை பேரைச் சொல்லித்தான் அங்கே தகப்பனை அபூ என்றும் தாயை உம்மு என்றும் கூப்பிடுவார்கள். மகள் பூங்குழலியின் பெயர் அவர்கள் வாயில் பாதிக்குமேல் நுழையாததால் தெய்வநாயகம் அபூ பூங்கு ஆகியிருந்தார்.

அவர்கள் படியேறிப் போன இரண்டாவது நிமிஷம் மாடியில் பெண்கள் குலவை போட்டார்கள்.

“என்னத்துக்குங்க குலவை?” என்றாள் மரகதம்.

“காபி நல்லா இருந்திருக்கும்” என்றார் தெய்வநாயகம்.

மறுநாள் காலையில் தொழிற்சாலை ஸ்டோர் ரூமில் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். கேட்டவன் பஸ்யூனி. எகிப்துக்காரன், ஸ்டோர் கீப்பர். பதினொரு வருஷமாக இங்கே இருக்கிறான். ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று அவன் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. யாரைப் பார்த்தாலும் இன்ஜினியரே என்றுதான் கூப்பிடுவான்.

“இன்ஜினியரே, அங்கி போட்டிருந்தாங்களா?”

“எட்டுப் பேரும்.”

“காபியை வாங்கிக் கீழே வச்சாங்களா?”

“வச்சாங்க.”

பஸ்யூனி தன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“நீ ஏம்ப்பா கீழே வைக்கிறே?” என்று பதறினார் தெய்வநாயகம்.

“பொண்ணு கேட்டு வந்திருக்காங்க, இன்ஜினியரே. கேட்டது கிடைக்கிற வரைக்கும் காபியைத் தொடமாட்டாங்க. பொண்ணோட அப்பா குடின்னு சொல்லிட்டா பொண்ணு கொடுத்தாச்சு. நீங்க சொல்லலையே?”

தெய்வநாயகம் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“வேற எதுக்குமே இப்படி வரமாட்டாங்களா?”

“வருவாங்களே. கொலை நடந்தா சமாதானம் பேச வருவாங்க. உங்க வீட்டுல யாரையாவது கொன்னிருக்காங்களா?”

“இல்லையே.”

“அப்பப் பொண்ணுதான்.”

“நான் வார்த்தையை வாபஸ் வாங்கிட்டா?”

பஸ்யூனி கதவைச் சாத்திவிட்டு வந்தான். “அடுத்த மலையில ஒருத்தன் வாங்கினான்.”

“என்ன ஆச்சு?”

“அதுக்கப்புறம் அவனை நான் பார்த்ததே இல்லை.”

“அதுக்கு முன்னாடி பார்த்திருக்கியா?”

“இல்லை” என்றான் பஸ்யூனி. “ஆனா கேள்விப்பட்டேன்.”

அன்றைக்குத் தெய்வநாயகம் அமோனியாத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெடித்தால் வெடிக்கட்டும் என்று இருந்தது.

வீட்டில் மரகதம் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு காபிக்குப் பெத்த பொண்ணைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கீகளே!”

“எனக்கு எப்படிளா தெரியும்?”

“தெரியாத பாஷையில எதுக்குங்க வாக்குக் குடுக்கீக? தெரிஞ்ச பாஷையிலயே என்கிட்ட ஒரு வாக்கைக் காப்பாத்தினது கிடையாது!”

பூங்குழலி திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மேலே படிக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவள். வியாழக்கிழமை லீவுக்கு வருகிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாழ்க்கையைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டோமே என்று தெய்வநாயகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே போன் போட்டார்.

“பாப்பா, இந்த லீவுக்கு இங்க வரவேண்டாம்மா.”

“ஏம்ப்பா?”

“இங்க ரொம்ப வெயில்.”

“திருச்சியை விடவா?”

“இது வேற வெயில்மா.”

“அப்பா, அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லை” என்று அவர் சொன்ன குரலைக் கேட்டு அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். யார் தடுத்தாலும் வந்தே தீருவேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுத்த வழி, பெண்ணை மட்டமாகச் சொல்வது. சாயங்காலம் படிக்கட்டில் அபூ ஃபவாஸை மடக்கினார். அபூ ஃபவாஸ் அவரோடு பேசும்போது மட்டும் குழந்தைக்குச் சொல்வதுபோல எளிய அரபியில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

“என் பொண்ணு... சமையல் தெரியாது.”

“அதனால என்ன? எங்க வீட்டுல அஞ்சு பொம்பளைங்க சமைக்கிறாங்க. அவ உட்கார்ந்து சாப்பிடட்டும்.”

“கோபம் வரும். ரொம்பக் கோபம். ஆபத்து.”

“அப்ப என் பொண்டாட்டிக்குச் சரியான ஜோடி!” என்று அபூ ஃபவாஸ் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அவ எப்ப வர்றா? உம்மு ஃபவாஸ் நாளை எண்ணிக்கிட்டிருக்கா.”

வியாழக்கிழமை காலை அவர் ரகசியமாக விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். மகளை அங்கேயிருந்தே அம்மானில் ஒரு நண்பர் வீட்டில் ஒளித்துவைத்துவிடுவதாகத் திட்டம். வெளியே வந்தால் அவருடைய காருக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருநூறாவது இருக்கும்.

“எங்க கிளம்பிட்டே?” என்றார் அபூ ஃபவாஸ். “உன் பொண்ணைக் கூட்டிவர ஃபவாஸும் அவன் அம்மாவும் அப்பவே போயாச்சு. நாளைக்கு உனக்கு நிறைய வேலை இருக்கு. போய்ப் படு.”

மத்தியானம் ஃபவாஸின் வண்டி வந்து நின்றது. பின்சீட்டில் உம்மு ஃபவாஸ் பூங்குழலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பூங்குழலி கழுத்திலிருந்து கால்வரை சிவப்பு நூல் வேலை செய்த கறுப்பு அங்கி போட்டிருந்தாள்.

“அப்பா! நாளைக்கு விசேஷத்துக்காக அத்தை எனக்குன்னு தச்சு வச்சிருந்தாங்களாம். விமான நிலையத்துலயே போட்டுவிட்டுட்டாங்க!”

போன வருஷமும் அவள் உம்மு ஃபவாஸை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். போன வருஷம் அது தெய்வநாயகத்துக்கு வலிக்கவில்லை. மகளிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தார். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து இரண்டு தடவையும் மூடிக்கொண்டார்.

கடைசி அஸ்திரத்தை மரகதம்தான் எடுத்துக் கொடுத்தாள்.

“நம்ம பொண்ணுக்கு ஊர்ல பேசி முடிச்சாச்சுன்னு சொல்லிருங்க. அடுத்தவன் கட்டிக்கப்போற பொண்ணை எந்த ஊர்லயும் தொடமாட்டாங்க.”

அதைச் சொல்ல வேண்டிய அரபியைப் போனில் பஸ்யூனியிடம் கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, தெய்வநாயகம் மாடி ஏறினார். ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“சொன்னீகளா?”

“சொன்னேன். என் பொண்ணு பூங்குழலிக்குக் கல்யாணம் பேசி முடிச்சாச்சுன்னு ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னேன்.”

“அதுக்கு அவர்?”

“கட்டிப்பிடிச்சு அழுதாரு. இன்னும் ஒரு ஆட்டை வெட்டச் சொல்லிட்டாரு.”

மரகதம் யோசித்தாள். “மாப்பிள்ளை யாருன்னு சொன்னீகளா?”

தெய்வநாயகம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் மாப்பிள்ளை பெயரே இல்லை.

“போச்சு” என்றாள் மரகதம். “இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் நீங்களே போய்த் தீர்த்துட்டு வந்துட்டீக.”

வெள்ளிக்கிழமை காலையில் ஓடிப்போவது என்று முடிவாயிற்று. தெய்வநாயகம் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். எதிரே ஃபவாஸ் வந்தான். “சித்தப்பா, இன்னைக்குப் போய் நீங்க கனம் தூக்கலாமா?” என்று பெட்டியைப் பிடுங்கி, திரும்ப உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனான். அதற்குள் மாடியிலிருந்து பெண்கள் கும்பலாக இறங்கி வந்து, பாட்டுப் பாடிக்கொண்டே மரகதத்தையும் பூங்குழலியையும் மருதாணி வைக்க மேலே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரகதம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பஸ்யூனிக்குப் போன் போட்டார். “பொம்பளைங்களை மேலே கொண்டுபோயிட்டாங்க.”

“முறைதான்” என்றான் பஸ்யூனி. “இனிமே உங்களைக் கூட்டத்துல ஒரு பெரிய மனுஷர் முன்னாடி கொண்டுபோய் உட்கார வைப்பாங்க. ஊரறிய அவர் உங்க வாயால சம்மதம் கேட்பார். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் அந்த ஆண்டவனாலயும் மாத்த முடியாது, இன்ஜினியரே. நான் உங்களுக்காக வேண்டிக்கறேன்.”

மாலைத் தொழுகை முடிந்ததும் அபூ ஃபவாஸ் வந்தார். தன் ஜரிகை அங்கியைத் தன் கையாலேயே தெய்வநாயகத்துக்குப் போட்டுவிட்டு, நாற்பது கார்களில் முதல் காரில் ஏற்றினார். யாரோ வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். தெய்வநாயகம் சீட்டுக்கடியில் குனிந்துகொண்டார். பக்கத்தில் ஃபவாஸ் இருந்தான். அத்தர் மணத்தது. அவனும் ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டுதான் இருந்தான்.

“சித்தப்பா” என்று அவர் கையைப் பிடித்தான். “எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

அவன் கை ஜில்லென்று இருந்தது. அவருடையதும்தான்.

ஊரின் அடுத்த கோடியில் ஒரு பெரிய வீடு. வாசலில் கூடாரம். உள்ளே இருநூறு பேர். நடு நாயகமாக வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர். சிரிப்பு என்ற ஒன்று இருப்பதே தெரியாத முகம். பஸ்யூனி சொன்ன ஆள் இவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவருக்கு நேர் எதிரே தெய்வநாயகத்தை உட்கார வைத்தார்கள். கையில் ஒரு கிண்ணம் காபி வந்தது. ஜரிகை அங்கியில் சிந்திவிடும் என்ற பயத்தில் அதைக் கீழே வைத்தார். கூட்டம் முழுக்க அவர் வைத்ததைப் பார்த்துத் தலையாட்டியது.

பெரியவர் மெதுவாக, எளிய அரபியில் கேட்டார். “ஆறு வருஷமா அவங்க வீட்டுலயே இருக்கீங்க. பையனைப் பத்தி உங்க வாயால சொல்லுங்க. யாருக்கும் பயப்படாதீங்க.”

யாருக்கும் பயப்படாதீங்க. ஐம்பத்திரண்டு வயசில் அவரிடம் முதல்முறையாக ஒருவர் அப்படிச் சொல்கிறார். தெய்வநாயகம் எழுந்து நின்றார். செத்தால் சாகலாம், பெண்ணைக் கொடுத்துவிட்டு உயிரோடு இருந்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று தோன்றியது.

“நில்!” என்று கத்தினார். “ஆபத்து! இந்தப் பையன் சரியில்லை. பொண்ணு கிடையாது. மூடு!”

இருநூறு பேரும் ஃபவாஸ் பக்கம் திரும்பினார்கள். அபூ ஃபவாஸ் கையைக் காதில் வைத்தார், தான் கேட்டது சரிதானா என்பதுபோல. அரபி வார்த்தை கிடைக்காத இடங்களில் தெய்வநாயகம் நடித்தே காட்டினார்.

“காலைல பத்து மணி வரைக்கும் தூக்கம்! வண்டி வேகம்! பாட்டு சத்தம்! அம்மா திட்டறாங்க, இவன் திருப்பிப் பேசறதில்லை. அம்மா செருப்பை வீசறாங்க. இவன் என்ன செய்யறான்? செருப்பை எடுத்து, துடைச்சு, திரும்ப அம்மாகிட்டயே குடுக்கறான்! மூளை இருக்கா? தங்கச்சி திட்டறா. அப்பவும் பேச்சில்லை. வெங்காயம் நறுக்கறான். பாத்திரம் கழுவறான். வீட்டுல ஆறு பூனை. தன் சாப்பாட்டை அதுங்களுக்குப் போட்டுட்டு, எங்க வீட்டுல வந்து வடை தின்கிறான்!”

பெரியவரின் மீசை அசைந்தது. கோபம் ஏறுகிறது என்று தெய்வநாயகம் நினைத்துக்கொண்டார். இருந்தாலும் ஆரம்பித்ததை நிறுத்தவில்லை.

“பொய் சொல்லத் தெரியாது! என் கார் கண்ணாடியை உடைச்சான். யாரும் பார்க்கலை. விடியக்காலம் அஞ்சு மணிக்கு என்னை எழுப்பி, நான்தான் உடைச்சேன்னு சொல்றான். இப்படி ஒரு ஆள் எப்படிப் பிழைப்பான்? எங்க வீட்டு காஸ் சிலிண்டரை ஆறு வருஷமா இவன்தான் தூக்கிட்டு வர்றான். காசு குடுத்தா ஓடறான்...”

அதற்குமேல் குறை தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. பையன் நல்லவன்தான், அது அவருக்கே தெரியும். ஆனால் விஷயம் அதுவல்லவே. அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“பொண்ணைக் கேட்டீங்களா?” என்றார் உடைந்த குரலில். “காபி, அங்கி, ஆடு, துப்பாக்கி, எல்லாம் இருக்கு. பொண்ணைக் கேட்டது யாரு? முதல்ல பொண்ணைக் கேளு. அப்புறம் திற.”

சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். அபூ ஃபவாஸ் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். ஃபவாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கிருந்து குண்டு வரப்போகிறது என்று தெய்வநாயகம் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தார்.

பெரியவரின் குரல்தான் வந்தது. “பொண்ணைக் கேட்டாச்சு. அவளுக்கு முழுச் சம்மதம்.”

சம்மதமா? மாடியில் மருதாணி வைக்கும்போதே கேட்டுவிட்டார்களா? மேல்படிப்பு, சொந்தக் கால் என்றவள் ஒரு அங்கிக்கு மயங்கிவிட்டாளா? தெய்வநாயகத்துக்குக் கூடாரம் சுற்றியது.

பெரியவர் எழுந்து வந்து அவருடைய நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“‘சொந்தக்காரன் ஒருத்தனும் வந்து புளுக வேண்டாம், பொய் சொல்லத் தெரியாத அந்தக் கீழ்வீட்டு இந்தியாக்காரரை வந்து ஃபவாஸுக்குப் பொண்ணு கேட்கச் சொல்லுங்க’ன்னு அபூ ஃபவாஸ்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன், அம்மா வீசுற செருப்பைத் துடைச்சுக் குடுக்கறவனுக்கு என் பொண்ணைத் தர எனக்கு என்ன பயம்?”